ஆயிரத்தொன்பதாவது விளக்கு

எண்களும் ஆட்களைப் போலத்தான். சில எல்லாரோடும் ஒத்துப்போகும். சில ஒருத்தரோடும் ஒட்டாது. ஆயிரத்தெட்டு முதல் வகை. இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, ஏழு என்று யார் வந்து நின்றாலும் மீதியில்லாமல் பிரிந்து கொடுக்கும். மொத்தம் முப்பது காரணிகள். இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. துறைமுகத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் நானே கண்டுபிடித்தேன். (அந்தளவுக்கு பஸ் பிந்தும்.)

அந்தப் பெருமையோடுதான் எங்கள் கடற்கரைக் கோவிலின் ஆயிரத்தெட்டு விளக்குப் பூசைக்கு வரிசை போடும் வேலையைக் கேட்டு வாங்கினேன். கோவில் தலைவர், நான் கட்ட ஆசைப்பட்ட வதனியின் அப்பா. அவர் இன்னும் ஓம் சொல்லவில்லை. ஆளைக் கணக்கால் அசத்திவிடலாம் என்பது என் திட்டம்.

ஆயிரத்தெட்டோடு நின்றிருக்கலாம். "கலியாண வீட்டில காசு குடுக்கேக்க ஒண்டு கூட்டித்தானே குடுக்கிறம் ஐயா, விளக்கிலயும் ஒண்டு கூட்டுவம்" என்றேன். தலையாட்டினார். ஆயிரத்தொன்பது பேர் ஆளுக்கொரு சிட்டி விளக்கை, அதுதான் சின்ன மண் அகலை, நேர்ந்து கொடுத்தார்கள்.

பூசையன்று பின்னேரம் மணலில் இருபத்தெட்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தாறு. ஒன்று மிஞ்சியது.

"இருபத்திநாலு வரிசையா மாத்துங்கோ!"

இளந்தாரிகள் எண்ணெய் சிந்தச் சிந்த மாற்றினார்கள். ஒன்று மிஞ்சியது. பதினொரு வரிசை போட்டோம், எட்டு மிஞ்சியது. (முன்னேற்றம்!)

பிறகுதான் ஈர்க்கை எடுத்து மணலில் வகுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று வரைக்கும் ஒன்றும் சரிவரவில்லை. அதற்கு மேல் பார்க்கவும் தேவையில்லை. முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்கினாலே ஆயிரத்தொன்பதைத் தாண்டிவிடும். முதன்மை எண்! ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாது.

தலைவர் வந்தார். "என்ன தம்பி, சரிவருமோ?"

"ஓம் ஐயா. எல்லாத்தையும் ஒரே வரிசையில வைச்சா வரும்."

"அப்ப கடைசி விளக்கைக் கப்பலிலதான் வைக்கவேணும்."

"இல்லாட்டி ஒண்டை எடுத்திடுவம்…"

"ஆரின்ர விளக்கை?" என்று ஒரு அக்கா பாய்ந்தார். "என்ர பெடியன்ர ஓ.எல். சோதனை பாஸாக வேணுமெண்டு வைச்சது. தொட்டுப் பாரும்!" அடுத்த நிமிடம் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு காவல்.

தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் கலியாணம் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வதனிதான் மிஞ்சிய விளக்கை ஏற்றி என் கையில் வைத்தாள். "வரிசைக்கு வெளியில நில்லுங்கோ. பூசை முடியுமட்டும் அசையப்படாது."

நின்றேன். சிட்டி சுட்டது. எண்ணெய் முழங்கை வழியாகப் புது வேட்டிக்கு இறங்கியது. கடற்காற்றில் மணலிலிருந்த விளக்குகள் பாதி அணைந்தன; மற்றக் கையால் மறைத்து என் கையிலிருந்ததை அணையவிடவில்லை.

பூசை முடியத் தலைவர் கிட்ட வந்தார். "உம்மட கணக்கு உதவாது. ஆனா ஆள் பரவாயில்லை."

சம்மதம் அப்படித்தான் கிடைத்தது. அன்றிலிருந்து மாமா வீட்டில் எனக்குப் பெயர் 'முதன்மை எண்'. போன மாதம் வகுப்பில் ரீச்சர் முதன்மை எண்ணுக்கு ஓர் உதாரணம் கேட்டாராம். என் மகள் உடனே கையை உயர்த்தியிருக்கிறாள்.

"எங்கட அப்பா, ரீச்சர்."