அச்சுப்பிழை அண்ணனின் துரை விளையாட்டு

தனக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைச் சிவப்பு மையால் திருத்தி, நூற்றுக்கு நாற்பத்தொன்று என்று மதிப்பெண்ணும் போட்டு, பெண்ணின் தகப்பனாரிடமே திருப்பிக் கொடுத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் அச்சுப்பிழை அண்ணன்தான். கண்டியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். உண்மைப் பெயர் அவருடைய சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். சாப்பாட்டுக் கடைப் பலகையில் இடியப்பத்துக்கு ஓர் எழுத்துக் குறைந்திருந்தால் பசியோடு வெளியே வந்துவிடுவார். "பலகையில எழுத்தே வேகல, இடியப்பம் எங்க வெந்திருக்கப் போவுது?" என்பார்.

ஊரிலிருந்த பிழையெல்லாம் தீர்ந்துபோனதோ என்னவோ, ஒரு வருஷம் உட்கார்ந்து ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். பெயர் 'துரை'. ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை. பகடை உருட்டி, மலை பிடித்து, கொழுந்து சேர்த்து, முதலில் முப்பது பெட்டித் தேயிலை சேர்ப்பவருக்கு வெற்றி. அதை அச்சடித்து ஊரெல்லாம் விற்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அச்சக முதலாளி ஒரு நிபந்தனை போட்டார்: "புது ஆளுங்களோட ஒருக்கா ஆடுங்க. யாராவது ஒருத்தர் ஜெயிச்சு முடிச்சாப் போதும், அடிச்சிரலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு நானே வந்து பார்க்கிறேன்."

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று காலை எட்டு மணிக்குக் குண்டசாலையிலிருந்த அவருடைய அறைக்கு மூன்று பேர் போனோம். நான், கலகெதரவில் கணக்குப் படிப்பித்த ஸ்டீபன் மாஸ்டர், அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த யாழ்ப்பாணத்துப் பரமநாதன். நாலாவது துரை அண்ணன். கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, பழைய கலண்டர்களின் முதுகை ஒட்டிச் செய்த மலைநாட்டைத் தரையில் விரித்திருந்தார். நெருப்புப் பெட்டிகள்தாம் தேயிலைப் பெட்டிகள்.

முதலில் விதிகள். மொத்தம் நாற்பத்திரண்டு. அவரே வாசித்தார், அரைப்புள்ளி வந்த இடத்தில் நிறுத்தி, "அரைப்புள்ளி" என்று சொல்லவும் செய்தார். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். விதி என்று யாராவது வாசித்தால் எனக்குக் கை தானாகவே எழுதும். கொப்பியில் நாற்பத்திரண்டையும் எழுதிக்கொண்டேன். விதி பதினேழு: முறை வருபவர் துரைத் தொப்பியைப் போட்டுக்கொள்ள வேண்டும். இருந்ததோ ஒரே தொப்பி. ஸ்டீபன் மாஸ்டருக்கு அது மூக்குவரை இறங்கியது. பரமநாதனுக்கு இறங்கவே மறுத்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் உருட்டினார். விதி பதினெட்டு: துரை சிரிக்கக் கூடாது.

பத்தரைக்குத்தான் முதல் பகடை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு சீட்டு வந்தது. 'வேலைநிறுத்தம். பொலிஸைக் கூப்பிட்டால் ஒரு பெட்டியும் போகாது. கேட்டதைக் கொடுத்தால் மூன்று பெட்டி போகும்.'

"என்ன கேக்குறாங்கண்ணே?"

"யாரு?"

"தொழிலாளிங்க."

"சம்பளந்தான் கேப்பாங்க. அதெல்லாம் உனக்கெதுக்கு? பொலிஸக் கூப்புட்டுட்டு அடுத்த ஆளுக்குத் தொப்பியக் குடு தம்பி."

"குடுத்துர்றேண்ணே."

"தொப்பியவா?"

"சம்பளத்த."

விதி அண்ணனே எழுதியது. என் பெட்டிகளில் மூன்று போயின.

அடுத்த சீட்டு ஸ்டீபன் மாஸ்டருக்கு. "எங்கப்பா தோட்டத்துல யூனியன் தலைவரா இருந்தவருண்ணே. நான் பொலிஸக் கூப்புட்டேன்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டாரு" என்று அவரும் மூன்றைத் தள்ளிவிட்டார். பரமநாதனாவது கூப்பிடுவார் என்று அண்ணன் ஆசையோடு பார்த்தார்.

"நானும் யூனியன் ஆள்தான் அண்ணை. குடுத்திட்டு வேலையைப் பார்ப்பம்."

"ஐயோ, நீங்கள்லாம் துரைமாருய்யா! துரை மாதிரி யோசிங்க!"

யோசித்தோம். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, தொழிலாளிகளுக்கு வீடு கட்ட ஒரு விதி வேண்டுமென்றார் பரமநாதன். மூன்று தோட்டமும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் கட்டலாமென்றார் ஸ்டீபன் மாஸ்டர். "பள்ளிக்கூடம் கட்டி எப்படிய்யா ஜெயிக்கிறது?" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். மணி நாலாகியும் நாங்கள் மூவரும் பன்னிரண்டு பெட்டியைத் தாண்டவில்லை.

அண்ணனுக்கு மட்டும் அந்தச் சீட்டு வரவேயில்லை. ஐந்தேமுக்காலுக்கு இருபத்தொன்பது பெட்டி. இந்த முறை ஒன்றையும் இழக்காமல் முடித்தால் முப்பதாவது அவருக்கு. தொப்பியைப் போட்டார், உருட்டினார், சீட்டை எடுத்தார்.

வேலைநிறுத்தம்.

"கூப்புடுங்கண்ணே பொலிஸ!" என்று கத்தினேன்.

"கூப்பிடுங்கோ அண்ணை, விளையாட்டுத்தானே!" என்றார் பரமநாதன்.

"எங்கப்பாகிட்ட நான் சொல்லமாட்டேண்ணே!" என்றார் ஸ்டீபன் மாஸ்டர்.

வெளியே முதலாளியின் கார் வந்து நின்றது. அண்ணன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார்.

"எப்படி தம்பி கூப்புடறது? அந்தக் கூட்டத்துல முன்னுக்கு எங்க ஆத்தால்ல நிக்குது."

மூன்று நெருப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அப்பால் வைத்தார்.

முதலாளி உள்ளே வந்தார். "யாரு ஜெயிச்சது?"

"தொழிலாளிங்க" என்றார் ஸ்டீபன் மாஸ்டர்.

கொடுத்த தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் முதலாளி போய்விட்டார். 'துரை' அச்சேறவேயில்லை.

அடுத்த போயாவுக்கு அண்ணன் எங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட வெட்கப்பட்டிருப்பார். நாங்கள் மூவரும் ஏழரைக்கே போய்க் கதவைத் தட்டினோம். தட்டிய கையை எடுக்குமுன் கதவு திறந்தது.

"ஏன்ய்யா இவ்வளவு லேட்டு?" என்றார் அண்ணன்.