இடம் தள்ளி எழுதும் மேதை

கறுப்புத் திரைக்காரர் என்றோர் இனம் உண்டு. மவுஸைத் தொடுவதைக் கேவலமாக நினைப்பார்; நாலு தட்டலில் சுலபமாக முடிகிற வேலையைக் கறுப்புத் திரையில் ஒரே வரியாக அடித்து முடிப்பார்; அடிக்கும்போது பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்; நின்றால் வேகம் கூடும். திருவாரூரில் இந்த இனத்துக்குத் தலைவர் யார் என்கிறீர்கள்? அடியேன்தான்.

எங்கள் செல்லக் கட்டளை, ஒன்றை அப்படியே இன்னோர் இடத்தில் காப்பி செய்யும் 'டிடி'. சாதாரணமாகக் காப்பி செய்தால், "இதே பெயரில் ஃபைல் இருக்கிறதே, அழிக்கட்டுமா?" என்று கணினி கேட்கும். டிடி கேட்காது. டிஸ்க்கில் என்ன இருக்கிறது, யாருடையது என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. 'சீக்' என்று அடித்து ஓர் எண் கொடுத்தால், அத்தனை கட்டம் தாண்டிப் போய் எழுத ஆரம்பித்துவிடும். ஒரு கட்டம் எவ்வளவு பெரியது என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் அபிநயா என்ற ஆராய்ச்சி மாணவி என் கணினி ரிப்பேர் கடைக்கு வந்தார். மூன்று வருஷமாகக் குடவாசல் பக்கத்து வாய்க்கால்களில் இறங்கி எடுத்த நீர்மட்ட அளவுகள் அத்தனையும் ஒரே டிஸ்க்கில். லேப்டாப் கிளம்பவில்லை, பத்து நாளில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். டிஸ்க்கின் முன்பகுதியில் இரண்டு ஜி.பி. காலி. அங்கே ஒரு சின்ன சிஸ்டத்தை எழுதினால் அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பிவிடலாம் என்றேன்.

"டைப் பண்ணது இது ஒண்ணுதான் சார் இருக்கு. பாத்துப் பண்ணுங்க."

"பதினெட்டு வருஷமா இதாம்மா பண்றேன். நின்னு வேடிக்கை மட்டும் பாருங்க."

டிஸ்க்கின் தொடக்கத்தில் தொடக்கூடாத ஓர் எம்.பி.யை விட்டுவிட, இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு கட்டம் தாண்டி எழுது என்று அடித்தேன். கட்டம் சின்னதாக இருந்தவரை எல்லாம் சரி. ஆனால் அவர் பின்னால் நிற்கிறாரே! வேகமாக முடித்துக் காட்ட வேண்டாமா? கட்டத்தை இரண்டாயிரம் மடங்கு பெரிதாக்கினேன். தாண்ட வேண்டிய எண்ணிக்கையை மட்டும் மாற்றவில்லை. இருபது மா விட்டு நடச் சொன்னால் இருபது வேலி (ஒரு வேலிக்கே இருபது மா!) விட்டு, அடுத்தவர் வயலில் இறங்கி, விளைந்து நின்ற பயிரை மிதித்து நட்ட கதை! காலி இடத்தையெல்லாம் தாண்டிப் போய், அவருடைய அளவுகள்மேல் எழுதியது டிடி. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவ்வளவு எழுதியாயிற்று, இத்தனை விநாடி என்று பெருமையாக அறிவித்தது. நானும் பெருமையாகத் திரும்பினேன்.

ஒரு ஃபோல்டரும் திறக்கவில்லை. தெரிந்த மீட்பு வித்தைகளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

"மொதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சீங்கல்ல சார்?"

காப்பி எடுப்பதில் பதினெட்டு வருஷ அனுபவசாலி, காப்பி எடுத்து வைக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் அழவில்லை. மறுநாள் சேறு படிந்த ஆறு நோட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார்.

"வாய்க்கால்ல நின்னு கையால எழுதினது. நீங்க வாசிங்க, நான் அடிக்கிறேன்."

எட்டு நாள் வாசித்தேன். குறுவை, சம்பா, தாளடி. காலை இத்தனை சென்டிமீட்டர், மாலை இத்தனை சென்டிமீட்டர். தொண்டை கட்டிவிட்டது. மூன்றாம் நாளே, "இதுக்கு ஒரே வரியில ஒரு கமாண்ட் இருக்கும்மா..." என்று ஆரம்பித்தேன். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அடுத்த அளவு சொல்லுங்க சார்" என்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால், நான் கட்டத்தைப் பெரிதாக்கிய இடத்தில், "சே, நானாக இருந்தால் அந்த எண்ணிக்கையையும் குறைத்திருப்பேனே" என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து யாருடைய டிஸ்க்கையும் கையில் வாங்காதீர்கள்.