கழிவு பூஜ்யம்

மீன்பிடிக்காரர் மகனுக்கு வலை தெரியாது என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனிதரின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். இருபது வருஷம் ஆகிறது. அந்த இருபத்திரண்டு வயது மேதாவி கையில் கிடைத்தால் இன்றைக்கும் செவிட்டில் அறைவேன்.

திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து, ஒரகடம் சாலையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். சட்டைப் பையில் எப்போதும் வெர்னியர் அளவுகோல். (சாப்பாட்டு மேசையில் வடையைக்கூட அளந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.)

எங்கள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு ஏரி. குத்தகைக்காரர் கொசுவலை மாதிரி ஓட்டை சிறுத்த பொடிக்கண்ணி வலையை இழுக்கச் சொல்வார். பெரிய மீனோடு குஞ்சும் வரும். விற்காத குஞ்சையெல்லாம் கரையில் கொட்டிவிடுவார்கள். வெயிலில் அது நாறும். மூக்கைப் பொத்திய மேனேஜர், வெளிநாட்டு விருந்தினர் வரும் நேரத்தில் எங்கள் லைனுக்கு ஒரு புராஜெக்ட் கொடுத்தார்: ஊரோடு சேர்ந்து கழிவு மீனைக் குறைக்க வேண்டும்.

ஏரியில் வலை இழுப்பவர்களில் மூத்தவர் எழுமலை. அவர் இதைப் பல வருஷமாகக் குத்தகைக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவர்.

"குஞ்ச கொன்னுகினே இருந்தா அட்த்த வருசம் ஏரில இன்னா கீது? நாலு விரலு கண்ணி போட்டா போதும் சார். சின்னது பூடும், பெருசு நிக்கும்."

கம்பெனி பேர் காதில் விழுந்ததும் குத்தகைக்காரர் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரே நாளு. மீனு கொறஞ்சா பழைய வலதான். அப்பறம் எவனும் இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

எழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கடல்கார வூட்டுப் புள்ள. ஒன்ன நம்பித்தான் ஒத்துக்கினேன்."

நான் என்ன செய்தேன்? அவருடைய நாலு விரலையும் சேர்த்து வைக்கச் சொல்லி, வெர்னியரில் அளந்தேன். கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டேன். கண்ணியின் ஒவ்வொரு பக்கமும் நாலு விரல். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை துல்லியம்!

அந்த டிராயிங்படி செய்த வலை வந்து இறங்கியதும் எழுமலை கேட்டார்: "ஒரு தபா பிரிச்சி காட்டேம்பா."

"அதெல்லாம் டிராயிங்ல அப்ரூவ் ஆயிட்டுதுண்ணே. ஒரேயடியா ஏரியில பிரிச்சுக்கிடலாம்" என்றேன். அந்த வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க வேண்டும்.

அன்று காலை கரையில் மேனேஜர், குத்தகைக்காரர், பாதி ஊர். நான் ஹெல்மெட்டோடு நின்றேன். (ஏரிக்கரையில் எதற்கு ஹெல்மெட் என்று கேட்காதீர்கள்.) இரண்டு பக்கமும் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் இழுத்தார்கள். வலைக்குள் கெண்டைகள் துள்ளின. ஊர் கைதட்டியது. அடுத்த நிமிஷம் கிலோ எடையுள்ள கெண்டையெல்லாம் கதவைத் திறந்துவிட்டது போல் வெளியே போயின. கரைக்கு வந்தது ஒரு கூடை பாசியும் ஒற்றைச் செருப்பும்.

எழுமலை கண்ணியை விரலில் மாட்டினார். இழுத்துப் பிடித்து, மூலைக்கு மூலை அளந்தார். நாலு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு விரல்.

"இப்டி இஸ்துப் புட்ச்சித்தான்யா அளக்கணும்! இதுகூடவா தெரியாது ஒனக்கு?"

என் அப்பா வாழ்நாள் முழுக்க அப்படித்தான் அளந்தார். மீன் வாடையே ஆகாது என்று நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மறுநாளே பொடிக்கண்ணி வலை ஏரியில் இறங்கியது.

இதோடு முடிந்திருந்தால் முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம். அயோக்கியத்தனம் அதற்குப் பிறகுதான். விருந்தினர் முன்னால் மேனேஜர் திரையில் காட்டினார்: "பழைய வலை, கழிவு ஐந்து கூடை. புதிய வலை, கழிவு பூஜ்யம்." மீனே விழாத வலையில் கழிவு எங்கிருந்து வரும்? நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். மேடையேறி, பல்லைக் காட்டி, பரிசாக ஒரு ஹாட்பாக்ஸ் வாங்கினேன்.

குற்ற உணர்ச்சியில் அதை எழுமலை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"நீயே வெச்சிக்க சார். சூடா போட்டு வெக்க எங்கிட்ட இன்னா கீது?"

இரண்டு வருஷத்தில் ஏரியில் மீன் தீர்ந்தது. எழுமலை எங்கள் கம்பெனி கேட்டிலேயே செக்யூரிட்டி ஆனார். தினமும் என் சாப்பாட்டுப் பையைத் திறந்து சோதிப்பது அவர் வேலை. ஒரு நாளும் பழசைப் பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை.

அந்த ஹாட்பாக்ஸ் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து தாமதமாக வந்து மூடியைத் திறந்தால், சில நாள் உள்ளே ஒன்றும் இருக்காது. மனைவி அங்கிருந்தே குரல் கொடுப்பாள்: "கழிவு பூஜ்யம்!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பாவின் வலைக் கதை அவர்களுக்கு அத்துப்படி. எழுமலை மூடியைத் திறந்து பார்த்ததை மட்டும் நான் இதுவரை அவர்களுக்குச் சொன்னதில்லை.