ஒரே நாளில் கட்டிய பல்

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. நூல் ஓரிடத்தில் லேசாகத் தடித்திருந்தாலும் அந்த நூல் சுற்றிய கோனையே தள்ளி வைத்துவிடுவேன். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் மசிய மாட்டேன். இவ்வளவு கறாரான ஆசாமி, தன் வாய்க்குள் வைத்த பொருளை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

என் கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. அச்சகத்திலிருந்து பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியது. கத்திரிக்கோல் இரண்டடி தள்ளி மேஜை மேல்தான் இருந்தது. ஆனால் கல்யாண மாப்பிள்ளைக்கு அவசரம் அல்லவா? பிளாஸ்டிக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தேன். கயிறு அப்படியே இருந்தது. மேல் வரிசை முன்பல்லில் பாதி, பத்திரிகை மேல் அட்சதை போல விழுந்தது.

மறுநாளே திண்டுக்கல்லில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். மாடியில் சின்ன கிளினிக். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வேர் சிகிச்சை செய்யணும், அப்புறம் மேலே உறை மாதிரி கிரவுன் போடணும் என்றார். கிரவுனில் என்னென்ன வகை என்று சொல்ல ஆரம்பித்தார். ஜிர்கோனியா என்று முதல் வகையைச் சொன்னார். (எனக்கு அது ஏதோ ஐரோப்பிய நாடு போலக் கேட்டது.) விலையையும் சொன்னார். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் காலிப் பையோடு இருந்தவன் நான். "இதோ வந்துர்றேன் டாக்டர்" என்று எழுந்தவன், படியிறங்கிப் பேருந்து நிலையம் வந்துதான் நின்றேன். அவர் இரண்டாவது வகையைச் சொல்ல வாய் திறந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் நிற்கவில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட என் தாய்மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எந்த வேலைக்கும் 'நம்மாளு' ஒருத்தரைக் கைவசம் வைத்திருப்பவர் அவர்.

"ஏலே மாப்ள, கல்யாணத்துக்கு மாலை போதும்டா. கிரீடமெல்லாம் எதுக்கு? பல்லு கட்டுறதுக்கு நம்மாளு ஒருத்தர் இருக்காரு. காலைல போனா மத்தியானம் கறிச்சோறு திங்கலாம். அம்புட்டு சுளுவு."

நம்மாளு ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்தார். டாக்டர் என்று போர்டில் போட்டிருக்கவில்லை. அதை ஒரு நேர்மையாக எடுத்துக்கொண்டேன். மர நாற்காலியில் என்னை உட்கார வைத்து, ஏதோ பசையைக் குழைத்து, மீதியிருந்த பல்லின் மேல் ஒரு பல்லை வைத்து, கட்டை விரலால் அழுத்தினார். பக்கத்து வீட்டில் தாளித்த வெங்காயம் வதங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நாக்கால் தடவிப் பார்த்தேன். பக்கத்துப் பல்லுக்கும் இதற்கும் நடுவே மெல்லிய இடைவெளி.

"நடுவுல இடைவெளி இருக்கே அண்ணே?"

"காத்தோட்டம் வேணும்ல தம்பி. அப்பத்தான் பல்லு கெடாது."

நூலில் தடிப்பு இருந்தால் கோனையே திருப்பி அனுப்புகிறவன், இந்தப் பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "சாப்பாடு போடும்மா" என்றேன். அம்மா அடுப்படிக்குள் ஓடி, "என்னலே இது, குக்கரே வைக்கல, விசில் வருது?" என்றாள்.

விசில் என் வாயிலிருந்துதான் வந்திருந்தது. காற்றோட்டத்தின் மகிமை! 'ச' என்ற எழுத்து வாயில் வந்தால் போதும், அந்தச் சந்து வழியாக ஒரு விசில் பிறந்தது. மெதுவாகப் பேசினால் மூச்சோடு போய்விடும். குரலை உயர்த்தினால் தெரு முனை வரைக்கும் கேட்கும். மற்ற எழுத்துகளுக்கு ஒரு பழுதும் இல்லை. மாமாவிடம் சொன்னேன். "பொண்ணு வீட்டுக்குத் தெரிய வேண்டாம், கல்யாணம் முடியட்டும்" என்றார்.

அதன் பிறகு ஒரு தவ வாழ்க்கை வாழ்ந்தேன். சாம்பாரைக் குழம்பு என்றேன். சாதத்தை உணவு என்றேன். காசைப் பணம் என்றேன். எங்கள் ஊர் சாணார்பட்டி. பெண் வீட்டு உறவினர் யாராவது ஊர் எது என்று கேட்டால், "திண்டுக்கல்லுக்குக் கிழக்கே" என்று கையைக் காட்டினேன். (அந்தக் கை காட்டிய திசையில் ராமேஸ்வரம் வரைக்கும் ஊர்கள் இருக்கின்றன.) கல்யாண ஆல்பம் முழுக்க உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன். "மாப்பிள்ளை ரொம்ப அடக்கமுங்க, சுத்தத் தமிழுங்க" என்று மாமனார் தன் ஊரான பாலசமுத்திரம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

எல்லாவற்றையும் சமாளித்துவிட்டேன். ஒன்றை மட்டும் சமாளிக்க வழியில்லை. நான் கட்டிக்கொண்ட பெண்ணின் பெயர் சுசீலா.

ஒரு பெயரில் இரண்டு 'ச'! அவளைக் கூப்பிட வேண்டிய இடத்திலெல்லாம் "இந்தாம்மா", "ஏம்மா" என்று காலம் தள்ளினேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் காலையில் காபியை வைத்துவிட்டு நின்றாள்.

"ஏனுங்க, எம் பேரு உங்களுக்குப் புடிக்கலைங்களா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"அப்ப ஒருக்கா கூப்புடுங்க பாக்கலாம்."

அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. வாய்தான் பிரச்சினையே. ஒட்டுப் பல்லை மறைத்துத் தாலி கட்டியவன் என்று நினைத்துவிட்டால்? பயந்து சும்மா இருந்துவிட்டேன். பெயர் சொல்லக்கூடப் பிடிக்காத புருஷன் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பது அதைவிட மோசம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பத்தாம் நாள் மாமியார் வீட்டு விருந்துக்குக் கிளம்பினோம். திண்டுக்கல்லில் பழனி போகும் பிரைவேட் பஸ்ஸில் முன்பக்கம் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றது. கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார்.

"வெறுந்தலையோட போனா அம்மா வையுமுங்க. பூ வாங்கிட்டு வந்தர்றேன்" என்று அவளும் இறங்கினாள். நான் இடத்துக்குக் காவல்.

கொஞ்ச நேரத்தில் டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியை உறுமவிட்டார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து அவசரப்படுத்தினான். சுசீலா பூக்காரம்மாவிடம் முழம் சரியில்லை என்று, எனக்கு முதுகு காட்டி வாதாடிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இந்தாம்மா! ஏம்மா!" என்று கத்தினேன். நான்கு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி திரும்பவில்லை. திரும்பிய நால்வரில் ஒருவர் முறைக்கவும் செய்தார்.

வேறு வழியில்லை. மூச்சை இழுத்து, பத்து நாள் பாசத்தையும் சேர்த்து, கல்யாணமான பிறகு முதல் தடவையாகக் கூப்பிட்டேன்.

"சுசீலா!"

பீப், பீப்!

நம் ஊர் பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போ. இதற்காகவே காத்திருந்த டிரைவர் திரும்பியே பார்க்கவில்லை. கியரைப் போட்டு ஒரு மிதி மிதித்தார். அவள் என் குரல் கேட்டு முகம் மலர்ந்து திரும்பியதையும், அந்த முகத்துக்கு முன்னால் பஸ் நகர்ந்து போனதையும் ஒரே நேரத்தில் பார்த்தேன். டீக்கடையிலிருந்து கண்டக்டர் கிளாஸோடு ஓடி வந்தார்.

பதறிப்போய் டிரைவரைப் பார்த்து, "சார்! சார்!" என்று அலறினேன்.

மறுபடியும் இரண்டு விசில். சரிதான், கண்டக்டருக்கு ஏதோ அவசரம் என்று டிரைவர் இன்னும் வேகமாகப் போனார்.

பஸ் நிலைய வாசலைத் தாண்டி மெயின் ரோட்டுக்கே வந்துவிட்டோம். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நிறுத்த வேண்டுமானால் ஒன்று. ஒன்றே ஒன்று! கண்ணை மூடி, வாயைக் குவித்து, "ச்ச்ச்ச்..." என்று ஒரே மூச்சில் இழுத்தேன். நீளமான அருமையான விசில். டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ்ஸே முன்னால் சாய்ந்தது. பக்கத்து சீட்டுப் பெரியவரின் முருங்கைக்காய்க் கட்டு என் மடியில் வந்து விழுந்தது.

அவர் கட்டை எடுக்காமல் என் வாயையே பார்த்தார். "ஏனுங் தம்பி, வாயில என்னத்த வெச்சிருக்கீங்க?"

அதற்குள் ஒரு ஆட்டோ பஸ்ஸை மறித்து நின்றது. முன்னால் ஆட்டோக்காரரோடு ஒட்டிக்கொண்டு கண்டக்டர். பின்னால் மடியில் பூவோடு என் மனைவி.

"எவன்யா விசிலடிச்சது?" என்று கண்டக்டர் ஏறினார். பஸ்ஸே என்னைக் காட்டியது. நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். "சத்தியமா சார்" என்றேன். உடனே வண்டி ஓரடி நகர்ந்தது.

"ஐயோ, அண்ணே, நிப்பாட்டு! இந்த ஆளு பேசினா நீ காதப் பொத்திக்க" என்று கண்டக்டர் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "பழனி வரைக்கும் வாயத் திறக்காம வாங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

சுசீலா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் அவள் காதோரம் ரகசியமாகச் சொன்னேன், கயிறு, நம்மாளு, காற்றோட்டம், அவள் பெயர் வரைக்கும். நான் எதிர்பார்த்தது அழுகை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பழனி மலை கண்ணில் படும் வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குத்தானுங்களா பத்து நாளா கூப்புடல? நான் என்னென்னமோ நெனச்சு அழுதனுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொருக்கா கூப்புடுங்க" என்றாள். உடனே கண்டக்டரைப் பார்த்துவிட்டு, "எறங்குன பொறகு" என்று சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவளே என்னைப் பழைய மாடி கிளினிக்குக் கூட்டிப் போனாள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அப்பாவோடு தக்காளி ஏலம் பார்த்து வளர்ந்தவள். பல்லுக்கு என்ன பொருள், எத்தனை வருஷம் உழைக்கும், உழைக்காவிட்டால் யார் பொறுப்பு, ஊசி கொதிக்க வைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். நம்மாளு வைத்த பல்லை இரண்டு விரலால் கழற்றினார். அடியில் சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் வேரையே பிடுங்க வேண்டியிருக்கும் என்றபோதுதான் எனக்கு வேர்த்தது.

"உலோகத்து மேல பீங்கான் பூசினது போதும் சார், பாதி விலைதான். மூணு தவணையா கொடுக்கலாம். அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்கதான் படியிறங்கி ஓடிட்டீங்க" என்றார்.

வேர் சிகிச்சையெல்லாம் முடிந்து கிரவுன் பொருத்திய அன்று, "ஏதாவது 'ச' வர்ற வார்த்தை சொல்லுங்க" என்றார்.

"சுசீலா" என்றேன். விசில் இல்லை. டாக்டரம்மா திருப்தியோடு கையுறையைக் கழற்றினார். சுசீலாவின் முகத்தில் மட்டும் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்தது.

இப்போது எங்கள் மகளுக்கு ஆறு வயது. நான் வீட்டுக்குள்ளிருந்து "சுசீலா" என்று கூப்பிட்டால், அவள் ஓடி வந்து "ரைட், ரைட்!" என்கிறாள். பாலசமுத்திரத்தில் எனக்கு 'விசில் மாப்பிள்ளை' என்று பெயர் நிலைத்துவிட்டது. குடும்பத்தோடு எங்காவது பஸ் ஏறினால், எல்லாரும் உட்கார்ந்தாச்சா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் மாமியார் எனக்குப் பேச அனுமதி கொடுக்கிறார்.

அந்தப் பழைய பல்லை டாக்டரம்மா குப்பையில் போடப் போனபோது, சுசீலா கேட்டு வாங்கிக்கொண்டாள். பீரோவில் அவளுடைய கம்மல் டப்பாவுக்குள் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறாள். போன வாரம் பீரோவைச் சுத்தம் செய்யும்போது கண்ணில் பட்டது. "இந்தக் கருமத்தைத் தூக்கிப் போடேன்" என்றேன்.

"போடுவனுங்களா?" என்று பிடுங்கிக்கொண்டாள். "எம் பேர மொதமொதல்ல சொன்ன பல்லுங்க இது."