தள்ளி ஸ்டார்ட் செய்த ஹைப்ரிட்

ஒவ்வொரு குடும்பத்திலும், ஒன்றுமே தெரியாமல் நிபுணர் பட்டம் வாங்கிய ஓர் ஆள் இருப்பான். எங்கள் குடும்பத்தில் அது நான். துறை: காடி. (கார் என்று சொன்னால் எங்கள் ஊர் ஈஜோக் பக்கம் யாரும் என்னை மதிக்கமாட்டார்கள்.)

சொந்தக்காரர் யார் பழைய காடி வாங்கப் போனாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் பானெட்டைத் திறக்கச் சொல்வேன். இடுப்பில் ஒரு கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "மிதி" என்பேன். இன்ஜின் உறுமும். "ம்ம்…" என்று இழுத்துவிட்டு, "சத்தத்துல லேசா இருமல் இருக்கே" என்பேன். விற்கிறவன் முகம் வெளுத்துவிடும். உண்மையில் என் காதில் விழுந்தது வெறும் 'டுர்ர்ர்' மட்டும்தான். ஆனால் எந்தப் பழைய காடியில்தான் இருமல் இல்லை? இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டே பாதி ஆயுளை ஓட்டிவிட்டேன்.

என் மனைவி கஸ்தூரிக்கு ராவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் தினமும் ஊர்ந்துதான் போய்வருவாள். எங்கள் பழைய கியர் காடி ஒருநாள் பெருமழையில் நடுரோட்டில் படுத்துக்கொண்டது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அதைத் தானே ஓரத்துக்குத் தள்ளினாள். நனைந்துபோய் வீட்டுக்கு வந்தவள் சத்தம் போடவில்லை. "எனக்கு வேற காடி வேணும்" என்று மட்டும் சொன்னாள். நான் "பாப்போம்" என்றேன். அந்த 'பாப்போம்' பல மாதம் ஓடியது. காடியைவிட நன்றாகவே ஓடியது.

அவள் பார்த்து வைத்திருந்ததுதான் என் பயத்துக்குக் காரணம். சின்னதாக, கொஞ்சம் உயரமாக, எண்ணெயிலும் கரண்டிலும் மாறிமாறி ஓடுகிற ஹைப்ரிட். (எங்கள் ஊரில் பெட்ரோலுக்குத்தான் எண்ணெய் என்று பெயர். தாளிக்கிற சங்கதி அல்ல.) ஒரே தோட்டத்துக்கு இரண்டு மண்டோர், அதாவது கங்காணி, இருந்தால் வேலை எந்த லட்சணத்தில் நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். ஒரே காடிக்குள் இரண்டு மண்டோரா?

ஒரு சனிக்கிழமை வேறு வழியில்லாமல் கோலசிலாங்கூர் ஷோரூமுக்குப் போனோம். பின் சீட்டில் ஏறி இறங்கிப் பார்க்க, முட்டிவலிக்காரரான என் மாமியாரும் ஒரு பெரிய பையோடு கூட வந்தார்.

விற்பனைப் பெண்ணின் பெயர் ஷர்மினி. என்னைப் பார்த்ததும் "வாங்க அங்கிள்" என்றாள். (கஸ்தூரியை மட்டும் 'அக்கா' என்றாள். அங்கேயே பாதி உயிர் போய்விட்டது.) நான் என் வித்தையை எடுத்தேன். பானெட்டைத் திறக்கச் சொல்லி, கண்ணை மூடி, "ஸ்டார்ட் பண்ணும்மா" என்றேன்.

அமைதி.

"ஸ்டார்ட் பண்ணும்மா."

"ஸ்டார்ட்லதான் இருக்கு, அங்கிள்."

கண்ணைத் திறந்தேன். மீண்டும் மூடினேன். குளிர்சாதனக் காற்றின் மெல்லிய மூச்சைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டுமே. "ம்ம்… பேட்டரி கொஞ்சம் வீக்கு" என்றேன். ஷர்மினி பரிதாபமாகச் சிரித்தாள். கஸ்தூரி கூரையைப் பார்த்தாள்.

"வீட்டு ரோட்டுலேயே ஓட்டிப் பாருங்க அங்கிள், அப்பத்தான் தெரியும்" என்று ஷர்மினியும் ஏறிக்கொண்டாள். ஓட்டினேன். உண்மையைச் சொல்லவேண்டுமே, பட்டணத்து நெரிசலில் அது மீன் மாதிரி நழுவியது. ரோட்டு மேடுகளில் மாமியார் ஒருமுறைகூட "ஐயோ" என்று சொல்லவில்லை. பின்னால் அரிசி மூட்டையும் வைக்கலாம், அதன்மேல் மாமியார் பையையும் வைக்கலாம். ஆனால் எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. சிவப்பு விளக்கில் நின்றால் காடி செத்துப்போகும். பச்சை விழுந்தால் உயிர்த்துவிடும். நடுவில் எப்போதாவது இன்ஜின் தானாக உறுமும், தானாக அடங்கும். இல்லாத கிளட்சை என் இடது கால் வழியெல்லாம் தேடிக்கொண்டே வந்தது.

எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், செம்பனைத் தோட்ட ஓரத்தில் முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. அந்த வழியாகப் போகிற எந்த வண்டியும் ஹாரன் அடிக்காமல் தாண்டாது. நானும் அடித்தேன்.

"ஹாரன் மட்டும் பத்தாது மாப்ள. நிறுத்துங்க, கும்புட்டுப் போவோம்" என்றார் மாமியார்.

நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து ஷர்மினிக்கு அவள் மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. போனில் சரியாகக் கேட்கவில்லை என்று ரோட்டுப் பக்கம் போய்விட்டாள். கோயிலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அதில் முருகையாவும் ஒருவன். அவன் காடிக்கு 'இருமல்' கண்டுபிடித்துச் சொன்னவன் நான்தான்.

"அண்ணே! புதுக் காடியா? நீங்களே பாத்து வாங்குனதா? அப்ப சாமான் நல்ல சாமான்தான் லா!"

'இல்லைப்பா, சும்மா ஓட்டிப் பார்க்க எடுத்து வந்தேன்' என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். "ம்ம்…" என்றேன்.

அந்த 'ம்ம்' முடிவதற்குள் பூசாரி தட்டோடு வந்துவிட்டார். பானெட்டில் சந்தனம், நடுவில் குங்குமம், கண்ணாடியில் ஒரு மாலை. மாமியார் பையைத் திறந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். நான் தடுக்கலாமா என்று கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பூசாரி கற்பூரம் காட்டி, தேங்காயை உடைத்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணி பழத்து மேல ஏத்துங்க தம்பி" என்றார்.

ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன். விளக்கெல்லாம் எரிந்தது. சத்தம் இல்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி."

"பண்ணிட்டேன் சாமி."

"சத்தத்தக் காணோமே?"

அதானே! மறுபடி அமுக்கினேன். இனிமையாக ஒரு மணியோசை எழுப்பிவிட்டு எல்லாம் அணைந்தது. மறுபடி அமுக்கினேன். எரிந்தது. இப்போது இருப்பது உயிரா, தூக்கமா, மரணமா? எனக்குத் தெரியவில்லை. கற்பூரம் அணையப் போகிறது. ஒரு கிழவர், "பூசைலயே மக்கர் பண்ணுதே" என்று முணுமுணுத்தது தெளிவாகக் காதில் விழுந்தது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது.

"பேட்டரி வீக்கா இருக்கும்ணே" என்றான் முருகையா. (என்னிடம் கற்ற வித்தை.) "தள்ளி விட்டா புடிச்சிக்கும். டேய், வாங்கடா!"

அப்போதாவது நான் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் தள்ளி ஸ்டார்ட் செய்வது என்றால் அது என் கோட்டை. நாலு பேர் பின்னால் கை வைத்தார்கள். பழக்க தோஷத்தில் இடது காலால் 'கிளட்ச்'சை மிதித்துப் பொத்தானை அமுக்கினேன். கம்பியை இழுத்து 'இரண்டாவது கியர்' போட்டேன். அந்தக் காடியில் கிளட்ச்சும் கிடையாது, இரண்டாவது கியரும் கிடையாது. நான் மிதித்தது பிரேக். போட்டது, நேராக ஓடுகிற கியர். என்னை அறியாமலே, முதல்முறையாக அந்தக் காடியை நான் சரியாக ஸ்டார்ட் செய்திருந்தேன்.

"தள்ளுங்கடா!"

காலை எடுத்தேன். காடி பூப்போல நகர்ந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது.

"என்னாடா இவ்ளோ லேசா இருக்கு!" என்று பின்னாலிருந்து குரல்.

நானும் பூரித்துப்போனேன். இனி இன்ஜின் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. எண்ணெய் மிதியை ஓங்கி அழுத்தினேன்.

சத்தமே இல்லாமல் காடி பாய்ந்தது. பின்னால் தள்ளிய நாலு பேரும், பிடிமானம் போய், வரிசையாகச் சேற்றில் விழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். முன்னால் செம்பனை மரங்கள் என்னை வரவேற்க வந்துகொண்டிருந்தன. "முனீஸ்வரா!" என்று கத்தியபடி இடது காலால் முழு பலத்தோடு 'கிளட்ச்'சை மிதித்தேன். காடி அப்படியே நின்றது. மாலை மட்டும் தனியே பறந்துபோய் ஒரு மரத்தின் அடியில் விழுந்தது.

நான் எதையும் தொடவில்லை. இரண்டு கைகளும் தலைமேல் இருந்தன. சரியாக அந்த நேரத்தில், இன்ஜின் தானாக 'உர்ர்ர்' என்று உயிர்பெற்றது.

"புடிச்சிருச்சு! புடிச்சிருச்சு!" சேற்றில் கிடந்தபடியே முருகையா கைதட்டினான். பூசாரி உருமி மேளம் இல்லாத குறையாகக் கையைத் தூக்கி ஆசீர்வதித்தார்.

ஷர்மினி ஓடிவந்தாள். சந்தனத்தைப் பார்த்தாள், குங்குமத்தைப் பார்த்தாள், சேற்றில் கிடந்த நாலு பேரைப் பார்த்தாள்.

"அங்கிள்… இது ஷோரூம் காடி."

கோயில் முழுக்க ஒரே நிசப்தம். (ஹைப்ரிட் நிசப்தம்.) முருகையா மெதுவாக எழுந்து என்னை ஏற இறங்கப் பார்த்தான். பூசாரி, "சாமிக்குக் காட்டியாச்சே…" என்று இழுத்தார்.

கஸ்தூரிதான் பேசினாள். அவள் குரலில் அவசரமே இல்லை. "பூச போட்ட காடிய திருப்பிக் குடுக்கறது நல்லதில்லீங்க. இல்ல, இன்னும் பாப்போமா?"

பார்க்க எதுவும் பாக்கியில்லை. அந்த ஷோரூம் காடியையே எங்களுக்கு விற்கச் சம்மதித்தார்கள். (குங்குமம் பட்டதை வேறு யாரிடம் விற்பார்கள்?)

இப்போது கஸ்தூரி தினமும் ராவாங்குக்கு அதில்தான் போகிறாள். மழையில் இறங்கித் தள்ளும் வேலை அவளுக்கு இல்லை. பழைய காடி வாங்க யாரும் என்னைக் கூப்பிடுவதும் இல்லை. கையில் நேரம் நிறைய இருந்ததால் ஒருநாள் உட்கார்ந்து யோசித்தேன். காடி ஓட்டிப் பார்க்கக் கிளம்புகிற மாமியார், பையில் எதற்கு எலுமிச்சம்பழம் எடுத்து வருகிறார்? அதுவும் சக்கரக் கணக்குக்குச் சரியாக? கஸ்தூரியிடம் கேட்டேன். "வெயிலு காலமாச்சே, ஜூஸ் போடத்தான்" என்றாள். சிரிக்கவே இல்லை.

விருந்து நாள்களில் சாப்பிட்டுவிட்டு நான் கண்ணை மூடிச் சோபாவில் சாய்ந்தால் போதும், மாமியார் ஆரம்பித்துவிடுவார்.

"மாப்ள ஸ்டார்ட் ஆகலடா. நாலு பேரு வந்து தள்ளி விடுங்க!"

சமையல்கட்டிலிருந்து கஸ்தூரியின் பதில் வரும்.

"வேணாம்மா, ஆன்லதான் இருக்காரு. சத்தம் இல்லாம ஓடுறப்பத்தான் அவரு நல்ல காடி."