தெரியாத எண்களுக்கெல்லாம் அம்மா

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முதல் சொல் பொய்யாகிவிடும் என்பதால் மற்றதை மட்டும் எழுதுகிறேன்: நலமறிய ஆவல். மாமியும் குழந்தையும் சௌக்கியம்தானே? இந்தக் காலத்தில் தபாலில் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். நான் சொல்ல வந்தது அம்மாவின் போனைப் பற்றி. பூனையைப் பற்றிய புகாரைப் பூனையிடமே கொடுத்தனுப்ப முடியுமா?

"உன்கூட லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கு வரமாட்டேன்" என்று அண்ணன் சொன்னதும், "அப்ப இந்த வாசப்படிய மிதிக்காத" என்று அப்பா சொன்னதும், பிறந்ததிலிருந்து அப்பா பேச்சைக் கேட்காதவன் அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டதும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது, அதற்குப் பிறகு நடப்பது. அண்ணன் தன் பழைய எண்ணை விட்டுவிட்டான். அதனால் அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "அவன் புது நம்பர்லதானே வருவான்? புது நம்பர்னா தெரியாத ஆள் மாதிரிதானே இருக்கும்? சொந்தப் படம் போட வெக்கப்பட்டுக்கிட்டு வேற எதையாவது போட்டிருப்பான்." இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நான் எவ்வளவோ முயன்றேன், மாமா. இல்லை. ஆகவே செய்திச் செயலியில் முன்பின் தெரியாத யார் வந்து, 'ஏற்கவா, தடுக்கவா' என்று போன் கேட்டாலும், அம்மா மிஷினைப் பாதித் தையலில் நிறுத்திவிட்டு 'ஏற்க' என்பதை அழுத்துகிறாள். அவள் தைக்கும் திரைச்சீலைகள் எல்லாம் இப்போது நடுவழியில் கோணிக்கொள்கின்றன.

வருகிறவர்களோ, பரிசு விழுந்திருக்கிறது என்பவர்கள், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்பவர்கள். குதிரைமேல் உட்கார்ந்த படத்தோடு ஒரு தளபதிகூட வந்தார். எல்லாருக்கும் அம்மா கேட்கும் முதல் கேள்வி "சாப்டியா?" என்பதுதான். தளபதி, "அன்பே, நான் போர்முனையில் இருக்கிறேன், என்னிடம் ஒரு பெட்டி தங்கம் உள்ளது" என்று எழுதினார். அம்மா, "தங்கம் கிடக்கட்டும், சாப்டியா?" என்றாள். அவர் காதலைப் பற்றி எழுத எழுத, அம்மா சோற்றைப் பற்றியே கேட்டாள். கடைசியில் தளபதியே அம்மாவைத் தடுத்துவிட்டார்.

இதுவரை சிரிப்பு. போன வாரம் ஒருவன் வந்தான். "நீ என் புள்ளதானே?" என்று அம்மா வழக்கம்போல் கேட்க, "ஆமாம்மா, நான்தான்" என்றான். கேள்வியைக் கேட்பவரே விடையையும் கையில் கொடுத்தால் எந்த மாணவன்தான் தேறமாட்டான்? "சாப்டியா?" என்றாள். "சாப்டேன்மா. நீங்க சாப்டீங்களா?" என்று வந்தது. நான் உடனே, "அம்மா, அண்ணன் என்னைக்காவது நீ சாப்டியான்னு கேட்டிருக்கானா? இவன் வேற யாரோ" என்றேன்.

"மாறியிருப்பான்டி. வெளிய போய் நாலு பேர்கிட்ட அடிபட்டா புத்தி வராதா?"

"அம்மா..."

"வந்துட்டா பெரிய பண்டிதை. பெத்தவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

அடுத்து அவன், அம்மாவின் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைச் சொல்லுங்கள் என்றான். சொன்னால் அம்மாவின் செயலிக் கணக்கே அவன் கைக்குப் போய்விடும், மாமா. அண்ணனிடம் இருப்பது அம்மாவின் எண் ஒன்றுதான். ஒருநாள் அவன் மனம் மாறி "அம்மா" என்று எழுதினால், மறுபக்கத்தில் அந்தத் திருடன் உட்கார்ந்து "சொல்லுப்பா" என்பான். இதையெல்லாம் நான் விளக்க விளக்க, அம்மா போனை என்னிடம் நீட்டி, "எனக்குக் கண்ணு தெரியல, நீ அடி" என்றாள். நான் வேண்டுமென்றே தப்பான எண்ணை அடித்தேன். "தப்பா இருக்கும்மா, இன்னொரு தடவ பாருங்க, அவசரமில்ல" என்று வந்தது. மறுபடியும் தப்பாக அடித்தேன். "பரவாயில்லம்மா, நிதானமா பாருங்க" என்றான்.

"பாத்தியா, எவ்ளோ பொறுமை!" என்று அம்மா பூரித்துப் போனாள். "எத்தன தடவ தப்பா சொன்னாலும் ஒரு சுடுசொல் வருதா பாரு. நம்ம பையன்னா இந்நேரம்..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். மிஷின் மிதியிலிருந்து கால் நழுவியது.

"இந்நேரம் கத்தியிருப்பான்," என்றாள். "இவன் இல்ல."

வாதத்தில் ஜெயித்தால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டியபடி, எதையும் கழுவாமல் நின்றாள். பிறகு போன் மினுங்கியது. வைரம் விற்கும் ஒரு சீமாட்டி. அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு 'ஏற்க' அழுத்தினாள். "இன்னுமா?" என்றேன். "இல்லன்னு தெரிஞ்சது அவன் ஒருத்தன்தானேடி," என்றாள்.

அப்பாவிடம் சொன்னேன். நகக்கண்ணில் இருந்த கிரீஸைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே, "தொலஞ்சவன் பேச்ச இந்த வீட்ல எடுக்காத" என்றார். ஆகவே நீங்கள்தான் கதி. இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, தெரியாதவர் எவரும் அம்மாவுக்கு எழுதவே முடியாதபடி போனில் மாற்றி வைத்துவிடுங்கள். அடுத்து வருகிறவன் அம்மாவிடம் பொறுமையாகப் பேசமாட்டான். கத்துவான். அப்போது நான் எதைச் சொல்லி நிரூபிப்பேன்?

மாமிக்கு என் வணக்கம், குழந்தைக்கு என் முத்தம். உங்கள் வீட்டில் எல்லாரும் வீட்டிலேயே இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பணிவுள்ள மருமகள்

பின்குறிப்பு: மாமா, வரவேண்டாம். வந்தாலும் அந்தப் போனைத் தொடவேண்டாம். உறையை ஒட்டப் பசை எடுக்க உள்ளே போனேன். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷின் முன்னால் அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒற்றை விரலால் அம்மாவின் போனில் எழுத்து எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தார். சூரியகாந்திப் பூவைப் படமாக வைத்திருக்கும் யாரோ ஒருவருக்கு, "கோவத்துல சொல்லிட்டேன். வந்துடு" என்று அனுப்பினார். உடனே பதில் வந்தது: "அன்பான வாடிக்கையாளரே, தங்கள் ஆர்வத்திற்கு நன்றி." அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு, "எங்க இருக்க?" என்று எழுதினார்.