ஃபெர்னானின் காது

கிளம்பாத இன்ஜினைக் காதாலேயே குணப்படுத்தும் ஓர் இனம் உண்டு. ஒழுங்காக ஓடும் இன்ஜின் பக்கம் இவர்கள் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அது செத்துக் கிடக்க வேண்டும். அப்போதுதான் இவர்களுக்கு உயிர் வரும்.

கனடாவில், எங்கள் கெபெக் ஏரிக்கரையில் இந்த இனத்துக்குத் தலைவர் ஃபெர்னான் பிலொதோ. பனித் திருவிழாவன்று, உறைந்த ஏரியின்மேல் பழைய பனிவண்டிகள் ஊர்வலம் போகும். முன்னால் போவது எப்போதும் அவருடைய அப்பா காலத்துச் சிவப்பு வண்டி. பின்சீட்டில் மனைவி ஜிலேன், நரித்தோல் தொப்பியோடு. இந்த வருஷம் வண்டி மக்கர் பண்ணினால், பொத்தானை அமுக்கியதும் ஓடும் தன் புது வண்டியில் கட்டி இழுத்துப்போவதாக மைத்துனன் கேத்தான் சொல்லியிருந்தான். அதுவும் தேவாலய வாசலில், ஊரே கேட்கும்படி. அதற்கு ஏரியில் ஓட்டை போட்டு இறங்கிவிடலாம் என்றிருந்தது ஃபெர்னானுக்கு.

திருவிழாக் காலையில், வீட்டு வாசலில், ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். கயிறு வந்தது, இன்ஜின் இருமியது, அடங்கியது. குனிந்து, கண்ணை மூடி, தகரத்தில் காதை வைத்தார். கார்புரேட்டர் என்று தீர்ப்பானது. அதைக் கழற்றி, ஜிலேனின் பட்டாணி சூப் சட்டியில் கழுவி மாட்டி, மறுபடி இழுத்து, மறுபடி காதை வைத்து, இல்லை, பிளக்குதான் என்று அதைப் பிடுங்கி, அடுப்புக்குள் வெந்துகொண்டிருந்த இறைச்சிப் பணியாரத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றி, கை சுட ஓடிவந்து மாட்டி இழுத்தார். இருமல்கூட நின்றுபோனது.

அதற்குள் அக்கம்பக்கத்தார் காப்பிக் கோப்பைகளோடு கூடிவிட்டார்கள். பெட்ரோல் பழசு என்றார் ஒருவர். ஆயில் கூடிப்போச்சு என்றார் இன்னொருவர். ஃபெர்னான் இரண்டையும் ஏளனமாகக் கேட்டுக்கொண்டார். சற்றுக் கழித்துத் தன் கண்டுபிடிப்பாக இரண்டையும் அறிவித்தார். இதற்கெல்லாம் வெட்கப்பட்டால் வைத்தியம் பார்க்க முடியுமா?

ஏரிப் பக்கம் பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது.

"ஏங்க, கேத்தானக் கூப்பிடட்டுமா?"

"நான் செத்தாலும் அவன் கயிறு இந்த வண்டில படக் கூடாது."

"செத்தா என்ன, உங்களையும் சேத்தே இழுப்பான். அவன் வண்டிக்கு அவ்வளவு தெம்பு இருக்கு" என்று ஜிலேன் தொப்பியை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இறங்கினால் தம்பியின் பின்சீட்டுக்குத்தான் போவாள் என்பது அவள் உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது.

கேத்தான் வந்தான். சிரிக்காமல் முடிச்சுப் போட்டான். அது இன்னும் மோசம்.

"அத்தான், கும்பல் இருக்கற எடத்துல கைய ஆட்டுங்க போதும். ஓட்டறத நான் பாத்துக்கறேன்."

ஃபெர்னான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். சும்மாவே ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்தார். வளைவில் சாய்ந்துகூடக் கொடுத்தார். கரையிலிருந்து கைதட்டினார்கள், எதற்கு என்று அவர் ஆராயவில்லை. நடு ஏரியில் திடீரென்று தலையைச் சாய்த்து, கண்ணை மூடினார். காலையிலிருந்து கருத்துக் கிடந்த முகம் மலர்ந்தது.

"ஜிலேன், கேக்குதா? இவன் வண்டில ஒரு பிஸ்டன் சரியில்ல. அக்கரை போய்ச் சேராது."

சரி, நீங்கள்? பனியைக் கண்ணால் கண்டிருக்க மாட்டீர்கள். இருந்தும், அந்த மனுஷன் பெட்ரோல் குழாயைத் திறந்தாரா என்ற கேள்வி இதற்குள் உங்கள் நாக்கு நுனிவரை வந்திருக்குமே? அப்படியானால் நாளைக் காலை எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருக்கும்போது தயவுசெய்து வாசல் பக்கம் போகாதீர்கள்.

போவீர்கள்.